தாமாக முன்வந்து

போன பங்குனி வரைக்கும் நான் இருந்தேன், சார். இப்போது இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பக்கத்துச் சீட்டில் தோள் உரச உட்கார்ந்துகொண்டு ஒருவன் ‘நான் இல்லை’ என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். நான் சொல்வது இணையத்தில். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற கலைக்களஞ்சியம் இருக்கிறதே, அதில் என் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. இளவழுதி என்று தட்டினால் போதும். புகைப்படம், பிறந்த ஊர், நூலகராக இருந்த கல்லூரி, நடத்திய முகாம்கள் எல்லாம் வரும். இப்போது தட்டினால், இந்தப் பெயரில் பக்கம் எதுவும் இல்லை, உருவாக்க விரும்புகிறீர்களா என்று கேட்கிறது. என்னையே கேட்கிறது, சார்.

அழித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பெண்.

கடலூரில் ஏறினதும் பத்திரிகைக்காரர் பாஸை நீட்டிச் சிதம்பரம் என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் இந்தச் சீட்டுக்கு மாறினேன். எனக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை. இந்த வண்டி கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போகும், நேரம் இருக்கிறது. மல்லாட்டை சாப்பிடுங்கள். வறுத்த வேர்க்கடலை.

நான் என்னையே விசாரித்துக்கொள்கிற ஆள், சார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் காலையில் பேப்பர் படிப்பதுபோல நான் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பேன். இந்த விஷயத்திலும் கேட்டுவிட்டேன். பல தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் விடுதலைதான். ஆனாலும் கேட்டேனா இல்லையா? எத்தனை பேர் கேட்கிறார்கள்?

சென்னையில் ஒரு அறக்கட்டளை. பெயர் வேண்டாம். சமூக நீதி பற்றி, காலநிலை நீதி பற்றித் தமிழில் தேடினால் இணையத்தில் ஒன்றும் கிடைப்பதில்லை, கிடைப்பதும் தப்பும் தவறுமாக இருக்கிறது, அதனால் தன்னார்வலர்களைப் பிடித்துப் பயிற்சி கொடுத்து எழுதவைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். கல்லூரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சும்மா இருந்த என்னைப் பயிற்றுநராகப் போட்டார்கள். அதற்கு முன்பே பத்து வருடமாக நான் அந்தக் கலைக்களஞ்சியத்தில் இருந்தேன். நிர்வாகி. யாராவது விஷமம் செய்தால் தடைபோடுகிற அதிகாரம் எனக்கு உண்டு. சம்பளம் கிடையாது. மரியாதைதான் சம்பளம்.

முகாமை ஒரு பொறியியல் கல்லூரியில் விடுமுறையில் நடத்தினோம். ஏசி போட்ட கணினி அறை. வந்தவர்களில் பாதிப் பேர் சான்றிதழுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள். கால்வாசி ஏசிக்கு வந்தவர்கள். தணிகாசலம் என்று ஒருவர், மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர், வீட்டில் மனைவியின் சீரியல் சத்தம் தாங்காமல் வந்ததாக அவரே சொன்னார். ஒருங்கிணைக்க வந்தது மெர்லின் மேடம், அறக்கட்டளை ஆள். அப்புறம் இந்தப் பெண். அஞ்சலாட்சி.

சிப்பித்திட்டு என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மாட்டீர்கள். போகிற வழியில்தான், காட்டுகிறேன். ஆறு கடலில் சேர்கிற இடத்தில் ஒரு மணல் திட்டு. இருளர் குடும்பங்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அந்தத் திட்டில் முதலில் காலேஜ் முடித்தவள் இவள். கருப்பாக, ஒல்லியாக, யாரிடம் பேசினாலும் எழுந்து நின்று பேசுவாள். உட்காரம்மா என்றால் பாதி உட்காருவாள்.

ஏன் வந்தாய் என்று எல்லோரையும் கேட்பதுபோல அவளையும் கேட்டேன்.

‘எங்க ஊரு போன்ல வரணும் சார்.’

‘என்னது?’

‘தட்டிப் பாத்தா வரணும் சார். அங்க அலையாத்திச் செடி வச்சி, கடலுக்குத் தடுப்பா பூங்கா கட்டப் போறாங்க. தை மாசம் கருத்துக்கேட்பு வச்சிருக்காங்க. அவங்க மேப்புல எங்க இடம் வெறும் மண்ணுன்னு இருக்கு. ஆபீசருங்க எல்லாத்தையும் போன்லதான் பாக்குறாங்க. அதுல எங்க ஊரு இருந்தா, இருக்குன்னு ஒத்துக்குவாங்க சார்.’

மெர்லின் மேடம் கைதட்டினார். ‘இதுதான்! இதுதான் கிளைமேட் ஜஸ்டிஸ்! எல்லாரும் பாருங்க!’ என்று அவளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. எனக்குப் பின்பக்கத்தில் ஒரு சின்னப் படம். போகட்டும்.

என் வகுப்பில் முதலில் பலகையில் எழுதுவது ஒரே வரி: ‘உனக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது.’ வேறு எங்காவது, வேறு யாராவது, அச்சில் எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நீ எழுத வேண்டும். இரண்டாவது விதி, உன்னைப் பற்றியும் உன்னைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் நீ எழுதக் கூடாது. கை தானாகச் சாயும். இரண்டும் அருமையான விதிகள், சார். உலகம் முழுக்க உள்ளவை. நான் கண்டுபிடித்தவை இல்லை.

அஞ்சலாட்சி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். ஊர் எப்படி வந்தது, எந்த மாதத்தில் எந்த இறால், கோயில், சுனாமியில் போன பிள்ளைகளின் பெயர்கள். திரையில் போட்டு எல்லோர் முன்னாலும் திருத்தினேன். அதுதான் பயிற்சி முறை.

‘ஊர் வெள்ளைக்காரன் காலத்துக்கு முந்தினதுன்னு போட்டிருக்கே. யார் சொன்னது?’

‘எங்க நைனா சார்.’

‘உங்க நைனா எந்தப் பதிப்பகம்?’

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதைக் கவனிக்க வேண்டும், அவளும் சிரித்தாள். புண்படுத்துவதுபோல நான் பேச மாட்டேன்.

வெட்டிக்கொண்டே வந்தேன். இறால் மாதங்கள், சான்று இல்லை, வெட்டு. கோயில், வெட்டு. பிள்ளைகளின் பெயர்கள், கலைக்களஞ்சியம் கல்லறை இல்லை, வெட்டு. அந்தப் பெயர்களில் ஒன்று அவள் அக்காவுடையதாம். பிற்பாடு சொன்னாள். முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே வெட்டியிருப்பேன். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதவே கூடாதே.

கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. ‘சிப்பித்திட்டு கடலூர் மாவட்டக் கடலோரத்தில் உள்ள ஒரு குடியிருப்பு.’ இதற்கும் சான்று இல்லாமல்தான் இருந்தது. நான்தான் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய நில அளவை நூலைத் தேடிப் பிடித்து, அதில் ஊர்ப் பெயர் இருக்கிற பக்கத்தைக் கொடுத்தேன். நானாகச் செய்தது, சார். யாரும் கேட்கவில்லை. இதை இன்றைக்கு அவள் சொல்வாளா? கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்குச் சொன்னாள். திரையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் காலைத் தொட வந்தாள். ‘வந்துடுச்சு சார் எங்க ஊரு’ என்றாள். சுயமரியாதை வேண்டும் என்று கண்டித்தேன்.

முகாமின் கடைசி நாளில் ஒரு பயிற்சி வைப்பேன். எல்லாப் பயிற்றுநரும் செய்வதில்லை, இது என் சொந்த முறை. பிள்ளைகள் எழுதிய பக்கங்களில் நானே ரகசியமாக ஒரு பச்சைப் பொய்யை நுழைத்துவிடுவேன். அவர்கள் தேடிக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். நாய்க்கு மோப்பம் பழக்குகிற மாதிரி. சிப்பித்திட்டுப் பக்கத்தில் நான் போட்ட வரி இது: ‘கடல் அரிப்பைக் கருத்தில் கொண்டு இவ்வூர் மக்கள் தாமாக முன்வந்து வேறிடம் பெயர்ந்தனர்.’

நல்ல வரி, இல்லையா? பொய் என்பது எல்லோருக்கும் உடனே தெரிய வேண்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஊர்ப் பெண்ணே எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அந்த ஊரிலிருந்துதான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இதைவிடச் சுலபமான பொய் உண்டா?

அவள்தான் முதலில் பார்த்தாள். ‘ஐயோ சார், யாரோ என்னமோ எழுதிட்டாங்க’ என்று பதறி உடனே அழித்துவிட்டாள். நான் திரும்பப் போட்டுவிட்டு அவள் காதில் மட்டும் சொன்னேன்.

‘நீ அழிக்கக் கூடாதும்மா. உன் ஊர். வேற ஒருத்தர் கண்டுபிடிக்கட்டும்.’

‘பொய்தானே சார்?’

‘பொய்தான். ஆனா நீ சொல்லக் கூடாது. உட்காரு.’

பாதி உட்கார்ந்தாள். மற்றவர்கள் தேடத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. பிரியாணி. கல்லூரிப் பிள்ளைகளை அப்புறம் பிடிக்க முடியுமா? தணிகாசலமே சர்க்கரை வியாதியை மறந்து எழுந்துவிட்டார். சாப்பிட்டோம். சாப்பிட்டதும் குழுப்படம், சான்றிதழ், நன்றியுரை. மெர்லின் மேடத்துக்கு ரயில். எல்லோரும் கலைந்துவிட்டோம்.

அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. மற்றப் பொய்களை வீட்டுக்குப் போய் நானே நீக்கினேன். இது ஒன்று விட்டுப்போயிற்று. யார் தவறு? கண்டுபிடிக்கச் சொன்னேன், கண்டுபிடிக்கவில்லை. அக்கறையில்லாத பிள்ளைகள். தவறு என் மேல் இருந்தால் தட்டிக்கழிக்கிறவன் நான் இல்லை, சார், எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு மலரில் முழுப் பக்கக் கட்டுரை. உங்கள் பத்திரிகை இல்லை, பயப்படாதீர்கள். ‘கடலைப் புரிந்துகொண்ட கிராமம்.’ காலநிலை மாற்றத்தை உணர்ந்து, யாரும் சொல்லாமலே தாமாக முன்வந்து இடம்பெயர்ந்த எளிய மக்கள், உலகத்துக்கே முன்மாதிரி என்று. யாரோ அலையோரம் நடக்கிற படம் ஒன்று போட்டிருந்தார்கள். எழுதியவர் சிப்பித்திட்டுக்குப் போகவே இல்லை. நம் பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். என் வரி, சார். ஒரு எழுத்து மாறவில்லை.

அஞ்சலாட்சி போன் செய்தாள்.

‘சார், நாங்க இங்கதான் சார் இருக்கோம். குழம்பு கொதிக்குது சார்.’

‘தெரியும்மா.’

‘அந்த வரிய எடுத்துடவா சார்?’

‘நீ எடுக்கக் கூடாதேம்மா.’

எடுத்துவிட்டாள். தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார், கீழே ஞாயிறு மலரைச் சான்றாகக் கொடுத்து. மனுஷன் என்னிடம் கற்றதை அப்படியே செய்தார். அவருக்கு அது என் பொய் என்று தெரியாது, அவர் அன்றைக்குப் பிரியாணி வரிசையில் இருந்தார். அஞ்சலாட்சி மறுபடி அழித்தாள். அவர் போட்டார். அழித்தாள். போட்டார். கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கிற பேச்சுப் பக்கத்தில் அவள் எழுதினாள்: ‘நான் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.’ தணிகாசலம் பதில் எழுதினார்: ‘சான்று தருக.’

அழிக்கவும் போடவுமாக இருந்தால் நிர்வாகி தலையிட்டே ஆக வேண்டும். தலையிட்டேன். சான்றோடு இருக்கிற வரியை, சொந்தக்காரர், சான்றில்லாமல், திரும்பத் திரும்ப அழிக்கிறார். விதிப்படி ஒரு மாதத் தடை. அவளுடைய பக்கத்தில் வழக்கமாக இடுகிற குறிப்பை இட்டேன். அந்த வாசகம் நான் உருவாக்கியது, தமிழில் இப்போது எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்: ‘வருந்த வேண்டாம். தக்க சான்று கிடைத்தால் மீண்டும் எழுதலாம்.’ இனிமையாக இல்லை?

நீங்கள் கேட்கப் போகிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நீரே எழுதிய பொய் அல்லவா, நீரே எடுத்திருக்கலாமே என்று. எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். சார், அது பொய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது. என் வகுப்பின் முதல் வரியை நானே மீறுவதா?

கருத்துக்கேட்புக்கு முன் அவளும் அவள் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். கன்னியப்பன் என்று பெயர். தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. என் மனைவி காபி கொடுத்தாள், காகிதக் கப்பில். விருந்தாளிக்குக் காகிதக் கப் சுத்தம். நாங்கள் எவர்சில்வரில் குடித்தோம், அது பழக்கம். வேறு அர்த்தம் கிடையாது. என் வீட்டில் அதெல்லாம் இல்லை.

பெரியவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

‘ஐயா, அந்த வரிய யாருங்க எழுதுனது?’

‘நான்தான்.’

‘மெய்யா பொய்யா?’

‘பொய்தான். பாடம் நடத்த எழுதினது.’

‘அப்ப ஐயாவே எடுத்துடுங்களேன்.’

‘இப்ப அது என் வரி இல்ல பெரியவரே. பத்திரிகை வரி ஆயிடுச்சு.’

‘ஐயா வுட்ட நண்டு, ஐயா பேச்சையே கேக்காதுங்களா?’ என்றார். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே போய்விட்டாள்.

அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். ‘ஒரே ஒரு வரி சார். பேச்சுப் பக்கத்துல போடுங்க. இது நான் பயிற்சிக்காகப் போட்ட பொய், ஊரு அங்கதான் இருக்குன்னு. உங்க பேரப் போட்டுப் போடுங்க. நான் அதப் பிரிண்ட் எடுத்துக் கருத்துக்கேட்புல குடுத்துக்குறேன். வேற எதுக்கும் உங்ககிட்ட வரமாட்டோம் சார்.’

‘அந்த வரியால என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? தெரிஞ்சே பொய்யை நுழைச்சவன்னு என் நிர்வாகி உரிமையைப் பிடுங்கிடுவாங்க. அறக்கட்டளை அடுத்த வருஷம் முகாம் நடத்தாது. எத்தனை பேருக்குப் பயிற்சி போகும்? எத்தனை ஊருக்குப் பக்கம் வராது? யோசிச்சியா?’

‘எங்க ஊரே போயிடும் சார்.’

‘ஒரு ஊரைப் பாக்குறே நீ. நான் எல்லா ஊரையும் பாக்கணும்.’

கன்னியப்பன் காலிக் கப்பை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். குப்பைக்கூடையைக் காட்டினேன். போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு நான் சும்மா இருந்துவிடவில்லை. என்னை உட்காரவைத்து விசாரித்தேன். அந்த வரியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் பார்த்தேன். ஒரு குற்றம் கண்டுபிடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ‘தாமாக’ என்றாலே போதும், ‘முன்வந்து’ என்றாலும் போதும். இரண்டும் சேர்ந்தால் மிகை. அவசரத்தில் எழுதினது. இன்றுவரைக்கும் அது உறுத்துகிறது.

கருத்துக்கேட்புக்கு நானும் போனேன். யாரும் அழைக்கவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தத் திட்டுச் சனம் மொத்தமும் குழந்தை குட்டியோடு வந்திருந்தது. மேடையில் இருந்த அதிகாரி நல்லவர், பொறுமையாகத்தான் பேசினார். ஞாயிறு மலரை எடுத்துக் காட்டினார். நம் பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருந்தார்.

‘உங்க ஊர்க்காரங்கதான் ஏற்கெனவே தாமாக முன்வந்து காலி பண்ணிட்டாங்களேம்மா. எல்லாப் பேப்பர்லயும் பாராட்டியிருக்காங்க.’

‘அந்த ஊர்க்காரங்க நாங்கதான் சார்’ என்றாள் அஞ்சலாட்சி.

‘அப்ப நீங்க போயிட்டுத் திரும்பி வந்தவங்க. அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு.’

மண்டபத்தில் ஒரு கிழவி, ‘நான் எங்கடா போனேன்? ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனதில்ல’ என்று கத்தினாள். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். ‘அந்த சார்தான் எழுதுனாரு. அதோ கடைசியில உக்காந்திருக்காரு. அவரையே கேளுங்க.’

எல்லாத் தலையும் திரும்பியது. வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை, சார். கன்னியப்பன் முகத்தில் ஒரு சிரிப்பு. ஐயா வந்துட்டாரு, சொல்லிடுவாரு என்கிற மாதிரி. அதிகாரி மைக்கில் கேட்டார்:

‘நீங்க யாரு சார்?’

‘பார்வையாளர்’ என்றேன்.

உண்மைதானே? நான் பார்வையாளனாகத்தான் போயிருந்தேன். அழைப்பு இல்லை, மனு இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நானும் என்னைக் கேட்டுக்கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

மாசியில் காலி செய்தார்கள். ஜேசிபிக்கு அதிக வேலை இல்லை, ஓலை வீடுகள்தானே. உள்ளே தள்ளி, கடல் காற்றே எட்டாத இடத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். சும்மா விட்டுவிடவில்லை. கன்னியப்பனுக்கு மூன்றாவது மாடி. ஒருநாள் அவர் பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கு வந்து தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அங்கே அதற்குள் கம்பிவேலி. காவலாளிப் பையன் பிடித்துவிட்டான். எங்க ஊருப்பா இது என்றாராம். பையன் படித்தவன், போனில் தட்டிப் படித்துக் காட்டினானாம். ‘தாத்தா, நீங்களாத்தான் குடுத்துட்டுப் போனீங்கன்னு போட்டிருக்கே. குடுத்ததத் திருப்பிக் கேக்கலாமா?’ பல்லில் இருந்த பறியைப் பிடுங்கி வேலிக்கு வெளியே போட்டுவிட்டான்.

அதற்கப்புறம் அவர் எங்கேயும் போவதில்லையாம். குளியலறையில் வாளியில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டே இருக்கிறாராம், நாளெல்லாம். மெர்லின் மேடம்தான் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அவர் வேலையை விட்டுவிட்டார். உணர்ச்சிவசப்படுகிறவர்களுக்கு இந்தத் துறை சரிப்படாது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மாதம் முடிந்ததும் அஞ்சலாட்சியின் தடை விலகியது. நான் நினைத்தேன், கோபத்தில் கண்டதையும் எழுதுவாள், நிரந்தரத் தடை போட வேண்டிவரும் என்று. இல்லை, சார். மூன்று வருடம் பொறுமையாக வேலை பார்த்தாள். ஊர்கள், ஆறுகள், மீன்கள் என்று ஒவ்வொரு பக்கமாக எடுத்துச் சான்று தேடினாள். இல்லாததை வெட்டினாள். என்னைவிடக் கறாராக வெட்டினாள். சிப்பித்திட்டுப் பக்கத்தை மட்டும் தொடவே இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் மாணவி என்று நாலு பேரிடம் சொன்னேன்.

பங்குனியில் என் பக்கத்தை நீக்கும்படி முன்மொழிந்தாள்.

காரணம் எழுதியிருந்தாள் பாருங்கள், ஒரு சுடுசொல் கிடையாது. ‘இக்கட்டுரைக்குச் சுதந்திரமான சான்று இல்லை. கொடுக்கப்பட்ட மூன்று சான்றுகளில் இரண்டு கட்டுரை நாயகர் எழுதிய துண்டறிக்கைகள். மூன்றாவது அவரது வலைப்பூ.’ அந்தப் பக்கத்தை எழுதியது தணிகாசலம். தகவலும் படமும் நான் கொடுத்தேன், ஓரிரு இடத்தில் நடையைச் செம்மைப்படுத்தினேன். அது வேறு, அதையும் இதையும் ஒப்பிட முடியாது. வாதாடினேன். இத்தனை முகாம் நடத்தியிருக்கிறேன், உங்கள் எல்லோருக்கும் தெரியுமே என்று எழுதினேன். என்னிடம் பயின்ற ஒரு பையன் கீழே எழுதினான்: ‘ஐயா, எங்களுக்குத் தெரியும் என்பது சான்று ஆகாது.’ தணிகாசலமே நீக்குக என்று வாக்களித்தார்.

போயிற்று. என் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. ‘வருந்த வேண்டாம். தக்க சான்று கிடைத்தால் மீண்டும் எழுதலாம். அஞ்சலாட்சி.’

என் வாசகம், சார். என் வாசகத்தாலேயே என்னை. இதைவிடக் கொடுமை உண்டா? ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் இருந்த இடத்தை வெறுமையாக்கிவிடுவது! எவ்வளவு வன்மம் இருக்க வேண்டும் அந்தப் பெண்ணுக்கு? இருக்கிறவனை இல்லை என்று ஆக்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தால்தான் தெரியும். அவளுக்கு அது புரியவில்லை.

அதற்குத்தான் உங்களைப் பிடித்தேன். நீங்கள் எழுதினால் போதும். பெரிதாக வேண்டாம், அரைப் பக்கம். தன்னார்வத் தொகுப்பாளர்களை உருவாக்கியவர், நூலகர், இன்ன ஊரில் பிறந்தவர். நான் சொன்னதாக எழுதாதீர்கள், அது செல்லாது. நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டதாக எழுதுங்கள். அச்சில் வந்துவிட்டால் அப்புறம் யாராலும் அசைக்க முடியாது.

இதோ, இடதுபக்கம் பாருங்கள். அந்த வேலிக்கு அந்தண்டை தெரிகிறதே பச்சை, அதுதான். வாசலில் கருங்கல் பலகை தெரிகிறதா? வண்டி இங்கே நின்றுதான் போகும். படியுங்கள், பெரிய எழுத்துத்தான். ‘கடல் அரிப்பைக் கருத்தில் கொண்டு இவ்வூர் மக்கள் தாமாக முன்வந்து…’ பார்த்தீர்களா? கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எழுதியவன் பெயர் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் கல்லில் ஏறியது அது ஒன்றுதான், அதிலும் அந்த மிகை இருக்கிறது.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? சிதம்பரம் இன்னும் தூரம், சார். பாஸைக் காட்டிச் சிதம்பரம் என்றுதானே சொன்னீர்கள்? இங்கே இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள், இங்கே ஒருவரும் இல்லை. கண்டக்டர், ஒரு நிமிஷம். சார், அந்தக் குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று ஏன் கேட்கிறீர்கள்? கன்னியப்பனிடம் என்ன இருக்கிறது? அவருக்குப் பேச்சே இல்லையாம். என் பிறந்த ஊரைக்கூட நீங்கள் இன்னும் கேட்கவில்லையே.

சார், நான் சொன்னதில் முகாம் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை யார் எழுதினது என்பதெல்லாம் நமக்குள் பேசிக்கொண்டது. பஸ்ஸில் ஆயிரம் பேசுவோம். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள். சார், கேட்கிறதா? நான் சொன்னவரைக்கும் அது ஒன்றுமில்லை. நீங்கள் எழுதினால் சான்று ஆகிவிடும்.